ஸ்டேட்டஸ் கோ வந்தபோது குழிக்குள் ராடு இருந்தது

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். போர்வெல் ரிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதச் சொன்னவர் எங்கள் முதலாளி. பேசச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

1. சேறு பறந்தது

எடப்பாடி பக்கம் குழந்தைவேலு என்பவர் தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். நான் டிரில்லர். மேல்மண் சரியாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்கி, பாறைக்குள் நல்ல ஆழம் போயாகிவிட்டது. ஆனால் நடுவில் ஓரிடத்தில் சேற்று மண் வந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்ட குழியில் கம்ப்ரசர் காற்றை நிறுத்தினால், மண் இறங்கி, ராடு நுனியில் பாறையை உடைக்கும் ஹேமரைக் கடித்துக்கொள்ளும். அப்புறம் ராடு, ஹேமர், பிட் எல்லாம் பூமிக்குத்தான் சொந்தம்.

அந்த நேரத்தில் குழந்தைவேலுவின் பங்காளி தங்கமுத்து ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிலம் வழக்கில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“கோர்ட்டுல ஸ்டேட்டஸ் கோ குடுத்திருக்கு. இருக்கறது இருக்கறபடியே இருக்கணும்” என்றார் வக்கீல்.

“அது ஸ்டே இல்லீங்களே! வேலைய நிறுத்துன்னு சொல்லலையே. நீ போடு சாமி” என்றார் குழந்தைவேலு.

நான் ஹேமரைக் குழியின் அடியிலிருந்து கொஞ்சம் தூக்கி, சுற்றுவதை நிறுத்தினேன். காற்றை மட்டும் விட்டு வைத்தேன். துளையிடும் வேலை நின்றுவிட்டது. ஆனால் சத்தமும் நிற்கவில்லை, சேறு பறப்பதும் நிற்கவில்லை.

“ஏய்யா, கோர்ட்டு சொல்லியும் ஓட்டறயா? காது அடைச்சுப்போச்சா?” என்று தங்கமுத்து கத்தினார்.

கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று பாதி அடைத்துத்தான் போயிருக்கிறது.

“ஓட்டலீங்க. காத்து மட்டுந்தானுங்க போகுது.”

“எம் வேட்டியெல்லாம் சேறு. ஓட்டலையாம்!” என்று செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

வக்கீல் என்னிடம், “காத்தையும் நிறுத்து. ராடு அப்படியே கிடக்கட்டும். மீறினா உன் பேரையும் சேர்த்துத்தான் மனு போடுவோம்” என்றார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். “ராடை உட்டுட்டு வந்துடாத. கேசுலயும் மாட்டிக்காத” என்று சொல்லி வைத்துவிட்டார். டீசல் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

2. மண்ணுக்கா, சாமானுக்கா

கூச்சத்தை விட்டு குழந்தைவேலுவிடம் அவருடைய வக்கீலைக் கூப்பிடச் சொன்னேன். நாமக்கல்லில் இருக்கும் ஒரு அம்மா. ஸ்பீக்கரில் போட்டார்.

“நானுங்க டிரில்லர். இந்த ஸ்டேட்டஸ் கோ மண்ணுக்குங்களா, எங்க சாமானுக்கும் சேத்துங்களா?”

அந்த அம்மா பிரித்துச் சொன்னார். “வழக்கு நிலத்துமேலதான். குழி இப்ப என்ன ஆழமோ அதே ஆழந்தான் இருக்கணும். இன்னும் இறக்கவும் கூடாது, மண்ணைப் போட்டு மூடவும் கூடாது. கேசிங்கை உருவக்கூடாது. மோட்டாரும் இறக்கக்கூடாது.”

குழந்தைவேலு முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க, நீங்க எம்பட வக்கீல்தானுங்களா?”

“உங்க வக்கீல்ங்கறதாலதான் சொல்றேன். டிரில்லர், உங்க கருவி வழக்குச் சொத்து இல்ல. ஆனா நீங்களா எடுத்துட்டுப் போயிடாதீங்க. எதிர்த்தரப்பு முன்னாடி ஆழத்தைக் காட்டிட்டு எடுங்க. போனை அந்த வக்கீல்கிட்ட குடுங்க.”

இரண்டு வக்கீல்களும் பேசி முடித்தார்கள். எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தங்கமுத்து மட்டும் விடவில்லை. “உருவறேன்னு சொல்லிட்டு உள்ள இறக்கிட்டா?”

“எம் பக்கத்துலயே நில்லுங்க. வர்ற ராடை நீங்களே எண்ணிக்கங்க. எல்லா ராடும் ஒரே நீளந்தானுங்க, அதை வெச்சு ஆழம் தெரிஞ்சுரும்.”

வந்து நின்றார். ராடு ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, அவர் சத்தமாக எண்ணினார். நடுவில் யாரிடமோ போன் பேசப் போய் எண்ணிக்கையை விட்டுவிட்டார். திரும்பிக் குழந்தைவேலுவைப் பார்த்து, “எத்தன ஆச்சு?” என்றார். குழந்தைவேலு சரியாகச் சொன்னார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணினார்கள். ஹேமர் முழுசாக மேலே வந்ததும்தான் நான் காற்றை நிறுத்தினேன்.

கேசிங் வாய்க்கு இரும்பு மூடி எடுத்ததும் தங்கமுத்து, “மூடக்கூடாதுன்னாங்களே!” என்றார்.

இந்த முறை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. “குழி அப்படியேதானுங்க இருக்கும். குழந்தை குட்டி உள்ள உழுந்துரக்கூடாதில்லீங்களா? ஸ்டேட்டஸ் கோவுக்கு இதனால ஒண்ணும் ஆவாதுங்க” என்றேன். அவருடைய வக்கீல் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

3. கற்பூரத்துக்கு முன்னால்

ஸ்டே என்றால் ஒரு வேலையை நிறுத்தி வைப்பது. ஸ்டேட்டஸ் கோ என்றால் இரண்டு தரப்பும் இருக்கிற நிலையைக் கூட்டாமல் குறைக்காமல் விட்டு வைப்பது. எந்த நிலை, எதைப்பற்றிய நிலை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும். அதைக் கேட்கப் படிப்பு தேவையில்லை.

இப்போதெல்லாம் துளை போடக் குறித்த பாயிண்டில் எலுமிச்சை வைத்துக் கற்பூரம் ஏற்றும் முன்பே, “இந்த நெலத்துக்கு ஸ்டே, ஸ்டேட்டஸ் கோ ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டுவிடுவேன். “நல்ல காரியத்துல இதென்ன பேச்சு?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

“ராடு இன்னும் வண்டி மேலதானுங்க இருக்குது. அதான் இப்பவே கேக்கறேன்” என்பேன்.

எழுதி முடித்தது: ஆடிப் பதினெட்டு. ரிக்குக்கு லீவு.