வெள்ளிக்கிழமைகளில் அளந்தவர்

"சார், நஸ்ரின் மேடம் தவறிட்டாங்க" என்று ஆய்வக உதவியாளர் செல்வி போனில் அழுதபோது, "எந்த நஸ்ரின்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த நஸ்ரின் ஒருவர்தான். நாற்பத்தாறு வயது. முந்தின நாள் மாலை வரை வகுப்பு எடுத்திருக்கிறார். மாரடைப்பு என்கிறார்கள். எழுதுகிறேனே தவிர, இன்னும் நம்ப முடியவில்லை.

ஆம்பூர்க் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில் பதினோரு ஆண்டுகள் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். அவருடைய ஆய்வு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வேன். ஊஞ்சலில் ஒரு மின்மினி உட்கார்ந்திருக்கிறது. ஊஞ்சலை வெளிச்சத்தால் தள்ளுகிறோம். ஊஞ்சல் அசைந்தால் மின்மினியின் நிறம் இம்மியளவு மாற வேண்டும். அவருடைய ஊஞ்சல், தலைமுடியைவிட மெல்லிய வைரப் பட்டை. மின்மினி, அந்த வைரத்தின் அணு அடுக்கில் இருந்து ஒவ்வொரு ஒளித்துகளாக உமிழும் ஒரு சிறு குறை. ஒளி, அணு, அசைவு மூன்றும் குவாண்டம் விதிப்படி கைகோக்கின்றனவா என்பதே கேள்வி.

நிறம் மாறியது. இருவர் பெயரிலும் கட்டுரை அனுப்பினோம். நான் ஓய்வு பெறும் ஆண்டு அது. என் பெயர் தாங்கிய முதல் பெரிய கட்டுரை.

வெள்ளிக்கிழமைகளில் நஸ்ரின் பேர்ணாம்பட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். அளவீடு கிடையாது. ஒரு வெள்ளி மட்டும் ஆய்வகத்துக்கு வந்தார்.

"சார், இன்னிக்கு ஒண்ணுமே வர்ல."

"லேசரைப் பாரும்மா."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. டேனரிதான் லீவு."

பின்சுவருக்கு அப்பால் தோல் பதனிடும் டிரம்கள், அறை அளவு மரப் பீப்பாய்கள், மற்ற நாளெல்லாம் சுழலும். எங்கள் ஊஞ்சலை ஆட்டியது வெளிச்சமல்ல, அவைதான்.

"கட்டுரை போயாச்சும்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"வெள்ளிக்கிழமைக்குத் தெரியும்ல சார்?"

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அதன்பின் அவர் வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே அளந்தார். "ஜும்மா சயின்டிஸ்ட்" என்று துறையில் கிண்டல் செய்வார்கள். "வாரத்துக்கு ஒரு நாள்தான், வேலை கம்மி" என்று அவரும் சிரிப்பார்.

போன மாதம் என்னை போனில் அழைத்தார். "சார், வந்துடுச்சு! டிரம் ஓடாதப்பவே வந்துடுச்சு. ஒரு நடை வந்து பாருங்க சார்."

"சந்தோஷம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன். நான் இருக்கும் வேலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். போகவில்லை.

துக்கத்துக்குப் போன இடத்தில், நான் அன்று படிக்க மறுத்த கடிதத்தின் நகலைச் செல்வி கொடுத்தார். கட்டுரையைத் திரும்பக் கேட்டு நஸ்ரின் ஆய்விதழுக்கு எழுதியது. "இந்தப் பிழையை நாங்கள் இருவரும் சேர்ந்தே கண்டுபிடித்தோம்" என்று இருந்தது.

அவரோடு பழகிய நீங்கள் எல்லோரும் அவர் நேர்மையைப் பேசுவீர்கள். எனக்குத் தெரிந்து அவர் எழுதிய ஒரே பொய் இது. என் மானத்தைக் காக்க எழுதியது. அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.