சொருகினால் போதும், தானாகப் பாடும்

போன ஞாயிற்றுக்கிழமை செங் என்கிற ஊரில் என் அக்கா மகள் கவிதாவுக்குப் பரிசம். கோயில் மண்டபத்தில் ஏற்பாடு. மேளக்காரர்கள்தான் கிடைக்கவில்லை. ஒரே முகூர்த்தத்தில் எல்லோர் வீட்டிலும் விசேஷம் என்றால் அவர்கள் எத்தனை இடத்துக்குப் போவார்கள்?

கவலையே வேண்டாம் என்றார் குருக்கள். கோயிலில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பென்டிரைவைச் சொருகினால் போதும்... பாட்டு தானாகவே ஸ்பீக்கரில் கிளம்பிவிடும். விபூதிக் கையோடு மவுஸைத் தொட முடியாத குருக்களுக்காக இப்படிச் செய்து கொடுத்ததே கவிதாவுக்குப் பார்த்த மாப்பிள்ளைதான். பெயர் சரவணன். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். கேட்டால்தான் பதில் சொல்வான், அதுவும் பாதிதான்.

கெட்டிமேளம் இருந்த பென்டிரைவை அவனே என்னிடம் கொடுத்தான். "குருக்கள் கையக் காட்டுனதும் சொருகுங்க அங்கிள். வேற ஒண்ணும் அமுக்க வேணாம் லா."

இவ்வளவுதானே? சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பையில் ஏற்கெனவே ஒன்று கிடந்தது – என் வாய்ஸ் ரெக்கார்டர். இந்தப் பத்திரிகைப் பத்திக்காக மனதில் தோன்றுவதையெல்லாம் காரில் போகும்போது அதில் பேசி வைப்பேன். அதுவும் கறுப்பு. அதே நீளம், சொருகுவதற்கு அதே மூக்கு.

தட்டு மாற்றும் நேரம். குருக்கள் கையைக் காட்டினார். சொருகினேன்.

மேளம் வரவில்லை. யாரோ ஓர் ஆள் பேசினான்.

"பையன் நல்லவனாத்தான் தெரியிறான். ஆனா சிரிக்கவே மாட்டேங்கிறானே... நம்ம கவிதா எதுக்கெடுத்தாலும் சிரிக்கிற புள்ள. இவன்கிட்ட எப்படித்தான் காலம் தள்ளப் போவுதோ..."

யார் இந்த ஆள்? கோயில் கமிட்டியா? ஆனாலும் நியாயமான கேள்வி என்று தலையை வேறு ஆட்டினேன். அக்கா முறைத்த முறைப்பில்தான் உறைத்தது – அது என் குரல். வெளியிலிருந்து கேட்டால் நம் குரல் நமக்கே ஏன் அடையாளம் தெரிவதில்லை?

மாப்பிள்ளையின் அம்மா தட்டை நீட்டியபடி அப்படியே நின்றார். கைக்கு அகப்பட்ட வயரைப் பிடுங்கினேன். சாமிக்கு மேலே சீரியல் லைட் அணைந்தது. நான் மட்டும் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே இருந்தேன்.

சரவணன் எழுந்து வந்து ரெக்கார்டரை உருவினான். என் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகினான். கெட்டிமேளம் முழங்கியது. தட்டு மட்டும் நகரவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னால் பரிசம் நின்றுவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அவன் அம்மா கவிதாவைப் பார்த்தார். "ஒங்க மாமா சொன்னது நெசந்தாம்மா. இவன் வீட்டுலயும் இப்படித்தான். ஒனக்குச் சம்மதந்தானா?"

"சிரிப்பாரு அத்தை," என்றாள் கவிதா. "சத்தம் வராது. தோளு மட்டும் குலுங்கும். இப்பப் பாருங்க."

எல்லோரும் திரும்பினோம். சரவணன் எங்களுக்கு முதுகைக் காட்டி லேப்டாப் முன்னால் நின்றிருந்தான். இரண்டு தோளும் குலுங்கிக்கொண்டிருந்தன.

தட்டு மாறியது. அக்காவும் என்னோடு பேசிவிட்டாள். எந்த மனுஷனிடம் எதைச் சொருகினால் எது கிளம்பும் என்பது கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் குழப்பம். ரெக்கார்டரை மாப்பிள்ளை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கலாம்தான்... அதில் மேற்கொண்டு என்னென்ன பேசி வைத்திருக்கிறேன் என்பது எனக்கே நினைவில்லை.