வாய்க்கால் றோட்டில் பனிப்புகார்

கிளிநொச்சியில் கேம் விளையாடுகிற பெடியள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முதலில் றேடியோ திருத்தினேன், பிறகு ஜெனரேற்றர், அதற்குப் பிறகுதான் கம்பியூட்டருக்குள் கை வைத்தேன். ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் என்னைப்போலக் கடை வைத்திருக்கிற ஒருத்தனைக் காட்டுங்கோ பார்ப்போம். விசிறி சுத்துகிற சத்தத்தைக் கேட்டே திரையில் படம் காட்டுகிற எந்தக் கிராபிக்ஸ் கார்ட் சாகப்போகுது என்று சொல்லுவேன்.

என்ர வீட்டைக் கட்டித் தந்தது ஒரு ஓட்டப்போட்டி. புதுக் கார்ட் ஒன்று வந்தால் கேம் செய்கிறவன் சும்மா இருக்கமாட்டான். தண்ணிக்குள் வானம் தெரியவேணும், புல்லு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடவேணும் என்று கூட்டிக்கொண்டே போவான். போன வருசம் பறந்த கார்ட் இந்த வருசம் மூச்சு வாங்கும். பெடியள் என்னட்ட ஓடி வருவாங்கள்.

"ஐயா, புதுக் கேம் இறுகி இறுகி நிக்குது."

"கேமில பிழையில்லையடா. உன்ர கார்ட் கிழடாப் போச்சு."

"அப்ப உங்களையும் ஒருக்கா மாத்தவேணும் ஐயா."

இப்படிப் பகிடி விட்டுக்கொண்டுதான் வாங்கிக்கொண்டு போவாங்கள்.

என்ர மூத்தவன் கடலால, போட்டில், அவுஸ்திரேலியாவுக்கென்று வெளிக்கிட்டவன். போட் போய்ச் சேர்ந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கடலுக்குள் தாண்டுபோச்சு என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. வருசங்கள் போயிட்டுது. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்து அவனை நல்லபடியாக அனுப்பிவிடுங்கோ என்று சொந்தக்காரர் கதை தொடங்கினால், என்ர மனுசி எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போயிடுவா. அவன்ர படத்துக்கு மாலை போட விடமாட்டா. சரியாகச் சாப்பிடவும் மாட்டா.

இளையவள் கேம் செய்யப் படித்தவள். கடையில் கழித்துவிட்ட சாமான்களைப் பொறுக்கி நான் பூட்டிக் கொடுத்த மெசினில்தான் தன்ர முதல் கேமைச் செய்தாள். வட்டக்கச்சி வாய்க்கால் றோட்டு, விடியக்காலமை, சைக்கிளில் போகவேணும். அவ்வளவுதான் கேம். அந்தப் பழைய கார்ட்டுக்குக் கிட்ட நிற்கிற நாலு மரத்தைத் திரையில் கீறிக் காட்டத்தான் சக்தி. மிச்சத்தை அவள் வெள்ளைப் புகைமாதிரி விடியப் பனிப்புகாரால் மூடிவிட்டாள். ஆளைக் கீறினால் மெசின் நின்றுபோகும். சத்தம் வைப்பது லேசு. அதனால் புகாருக்குள் ஒரு சைக்கிள் மணி மட்டும் முன்னுக்கு அடித்துக்கொண்டு போகும். எவ்வளவு கெதியாய் ஓடினாலும் அது கொஞ்சம் முன்னுக்குத்தான் கேட்கும். தமையன் முன்னால் ஓட, இவள் பின்னால் பள்ளிக்கூடம் போன மாதிரியேதான்.

கம்பியூட்டரைத் தூசி தட்ட மட்டும் தொட்ட மனுசி, அந்த ஒரு கேமுக்காக விசை அமத்தப் பழகினா. "பொறடா, வாறன்," என்று திரையோடு கதைப்பா. விளையாடி முடித்தால் எழும்பி வந்து சோறு போட்டுச் சாப்பிடுவா. எனக்கு அது காணும், வேறொன்றும் வேண்டாம்.

ஊர்ப் பெடியளுக்கெல்லாம் புதுசு பூட்டுகிறவன்ர மனுசி கழிவுச் சாமானில் விளையாடுவதோ? கடையில் இருந்ததிலேயே திறமான கார்ட்டைக் கொண்டுவந்து பூட்டினேன். லீவில் வந்து நின்ற மகளிடம் சொன்னேன்.

"இனி அந்தப் புகாரை எடு பிள்ளை. றோட்டை முழுக்கக் காட்டு."

"அந்தப் புகார்தான் அப்பா கேம். எடுத்தா முன்னுக்கு ஒண்டுமில்லை."

"ஆளைக் கீறு. இப்பத்தான் ஏலுமே."

"எந்த வயசு அண்ணாவைக் கீறச் சொல்லுறீங்கள்?"

விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. "முதல் றோட்டைத் திற. ஆளைப் பிறகு பாப்பம்," என்றேன்.

அவள் மரங்களைக் கூட்டினாள். வயலில் கொக்குகளை இறக்கினாள். வாய்க்காலுக்குள் வானம் விழுந்தது. கடைசியில் புகாரை எடுத்தாள். கோயில் மதில் வரைக்கும் றோட்டு பளிச்சென்று கிடந்தது. இந்த வடிவை வேறு எவன்ர மெசினும் காட்டாது என்று நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு மனுசியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சரும், வந்து இரும். இனி உமக்கு எல்லாம் வடிவாத் தெரியும்."

சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தா. விசையை அமத்தினா. சைக்கிள் போனது. முன்னுக்கு மணி அடித்தது.

"மணி கேக்குது," என்றா.

"ஓம்."

"ஆளைக் காணேல்லை."

அவா நிப்பாட்டாமல் கோயில் மதில் வரைக்கும் ஓடினா. றோட்டில் ஒரு குருவி தவிர ஒன்றுமில்லை. விசையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

மகள் அப்போதே புகாரைத் திரும்பப் போட்டாள். நான் பழைய கார்ட்டையும் தேடி எடுத்துப் பூட்டினேன். எல்லாம் முந்தின மாதிரியே இருந்தது. மனுசியைக் கூப்பிட்டுப் பார்த்தோம்.

"வேண்டாம் பிள்ளை. உள்ளுக்க ஆளில்லையெண்டு பாத்திட்டன்."

கொஞ்ச நாளில் அவாவே என்னிடம் வந்து, "ஐயரைக் கூப்பிடுங்கோ," என்றா. எவ்வளவு பேர் கெஞ்சியும் நடக்காத காரியம்.

ஐயர் வந்து பஞ்சாங்கத்தை விரித்து, "பிள்ளை போன திதி தெரியுமோ?" என்று கேட்டார். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்வது வழக்கம். அதைச் சொல்ல நான் வாயெடுக்க முதல் மனுசி கதவடியில் நின்று சொன்னா.

"போன மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, ஐயா."

"அம்மா, பிள்ளையைக் காணாமல் வருசக்கணக்கல்லோ?"

"ஓம். எனக்கு அண்டைக்குத்தான்."

புகாரை எடுத்த றோட்டைப் பார்க்க நான் அவாவைக் கூப்பிட்டு இருத்தின வெள்ளிக்கிழமை அது. ஐயர் என்னைப் பார்த்தார். அந்தத் திதியையே எழுதச் சொன்னேன்.