சிவப்பைத் தாண்டிய எல் போர்டு

மேடையில் எந்த அணிக்குப் பேசுவது என்பதை நான் ஒருபோதும் தேர்ந்தெடுத்ததில்லை. சீட்டுக் குலுக்குவார்கள், எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே உண்மை என்று நெஞ்சாரப் பேச வேண்டும். அப்படிப் பேசி நான் வாங்கிய கோப்பைகள் தொலைக்காட்சி மேசையில் இடம் போதாமல் குளிர்சாதனப் பெட்டியின் தலைக்கு ஏறிவிட்டன. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. ஆயினும் என் பேச்சுகளில் தலைசிறந்தது என்று நான் கருதுவது எந்த மேடையிலும் நிகழவில்லை. மேசையின் எதிரே நின்றபடி, ஒரு நிமிடத்துக்குள் அதைப் பேசி முடித்தேன். அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை.

அம்மா சேலத்தில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். பேச்சில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. இடப்பக்க இருக்கையில், தம் காலடியில் உள்ள தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் ஊரையே சுற்றி வருவார். யார் எவ்வளவு தடுமாறினாலும், "பதறாதீங்க, ரோடு எங்கயும் ஓடிப்போகாதுங்க" என்பதுதான் அவருடைய அதிகபட்சக் கண்டிப்பு.

சென்ற ஆண்டு ஒரு மாலை, பள்ளி உரிமையாளர் அம்மாவின் கைபேசிக்கு ஒரு படத்தை அனுப்பினார். ஓமலூர் சாலையில் ஒரு சந்திப்பு. சிக்னலில் சிவப்பு எரிகிறது. நிறுத்தக் கோட்டை முழுவதுமாகக் கடந்து நிற்கிறது அம்மா கற்றுத்தரும் வெள்ளைக் கார். பின்கண்ணாடியில் சிவப்பு எல். அதன் கீழே, பள்ளியின் வாசகம்: 'பாதுகாப்பே முதல் பாடம்'. தானியங்கிக் கேமரா எடுத்த படம். கூடவே அபராத அறிவிப்பு.

உரிமையாளர் நல்ல மனிதர். "விடுங்கம்மா, நான் கட்டிக்கறேன்" என்றார்.

"கட்டுனா ஒத்துக்கிட்ட மாதிரிங்க" என்றார் அம்மா. "இது தீருற வரைக்கும் நான் வண்டியில உக்காரலைங்க. கோட்டைத் தாண்டுனவ, அடுத்தவங்களுக்குக் கோட்டைப் பத்தி எப்படிங்க சொல்றது?"

சொன்னபடியே மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. அவரிடம் படித்துக்கொண்டிருந்த பெண்கள் வேறு ஆசிரியரிடம் போக மறுத்துக் காத்திருந்தார்கள். அம்மாவோ சமையலறை அலமாரியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அம்மா சொன்னபடி நடந்தது இதுதான். அன்று காரை ஓட்டியவர் அம்மாபேட்டையில் புடவை வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி. கட்டுகளை ஆட்டோவில் ஏற்றி ஏற்றிச் சலித்து, சொந்தக் கார் வாங்குவதற்காகக் கற்றுக்கொள்ள வந்தவர். சிவப்பு விழுந்ததும் கோட்டுக்கு முன்பே ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார். அப்போது குறுக்குச் சாலையிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்று திரும்ப முயன்றது. அந்த நீளமான வண்டிக்கு எங்கள் கார் நின்ற இடமும் தேவைப்பட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் கையை வீசி முன்னே வரச் சொன்னார். காவலரின் கை விளக்குக்கும் மேலானது என்பது அம்மா வகுப்பில் சொல்லும் பாடம். "போங்க" என்றார். கார் ஊர்ந்து கோட்டைத் தாண்டியது. கேமரா கண் சிமிட்டியது.

போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்தோம். நேரில் வரச் சொல்லி நாள் கொடுத்தார்கள். வாதாடும் பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை; நானே எடுத்துக்கொண்டேன்.

முந்தைய மாலை வீட்டில் ஒத்திகை வைத்தேன். புடவைக்கார அக்கா சாட்சி சொல்ல வருவதாக இருந்ததால் அவரும் வந்திருந்தார். அவரை நடுவராக்கி, மணிக்குப் பதிலாக ஒரு டம்ளரையும் கரண்டியையும் கொடுத்தேன். முதலில் அம்மாவின் தரப்பைப் பேசினேன். மனிதக் கைக்கும் இயந்திரக் கண்ணுக்கும் இடையே நாகரிகம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று தொடங்கி, சேலத்துச் சாலைகளின் வழியே மெல்ல மெல்ல வாகனத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அக்கா டம்ளரைத் தட்டினார். "நல்லாத்தான் இருக்கு தங்கம். ஆனா கார் இன்னும் சிக்னலுக்கே வரலையே?"

அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

எந்தத் தரப்புக்காகப் பேசுவதானாலும், முந்தைய நாள் எதிர்த்தரப்பாக நின்று ஒருமுறை பேசிப் பார்ப்பது என் பழக்கம். ஆகவே அடுத்து நான் கேமராவானேன். "எனக்கு உறவுமில்லை, பகையுமில்லை. காவலர் கையைக் காட்டினார் என்கிறீர்கள். யாருக்குக் காட்டினார்? திரும்ப முடியாமல் நின்ற ரிக் வண்டிக்காகவும் இருக்கலாமே? பயத்தில் இருந்த ஒரு மாணவியும், மாணவிமேல் கண் வைத்திருந்த ஓர் ஆசிரியையும், தமக்கு அல்லாத ஒரு சைகையைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்."

டம்ளர் ஒலிக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிக் வண்டியோட வாலு நம்ம மேல பட்டுருமோன்னுதான் நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார் மெதுவாக. "கை வீசுனது தெரியும். நமக்குத்தான் வீசுனாரான்னு... நீ பேசறதைக் கேட்டா எனக்கே தெரியல சாமி."

"நீங்க பார்த்தீங்களா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"நான் எங்க பார்த்தேன்? ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வண்டி வேற டப்பு டப்புன்னு தட்டுச்சு. இன்ஜின்தான் போச்சுன்னு நினைச்சேன்."

"கிளச்சை வெடுக்குன்னு உட்டிருப்பீங்க" என்றார் அம்மா. அந்தக் கவலையிலும் அவருக்குள் இருந்த ஆசிரியை விடவில்லை.

வாதத்தில் வென்று வீட்டில் தோற்றுவிட்டதாக எனக்குப் பட்டது. அம்மா படுக்கப் போனபின் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கேமராவாகப் பேசியதால், கேமரா எதையெல்லாம் பார்த்திருக்கும் என்றே மனம் தேடியது. படத்தின் இடது ஓரத்தில், காருக்கு அப்பால், வெட்டுப்பட்டதுபோல ஒரு வெள்ளைச் சட்டைக் கை தெரிந்தது. முழங்கை வரைதான், விரல்கள் எங்கே நீண்டன என்பது படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. ஒரு பேச்சிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து அதன்மேல் தீர்ப்பெழுதினால் எந்தப் பேச்சாளரும் குற்றவாளிதான். இந்தப் படம் அப்படிப்பட்ட ஒற்றை வாக்கியம். அதை மறுப்பது வீண். முழுப் பேச்சையும் கேட்கச் செய்ய வேண்டும்.

முழுப் பேச்சு எங்களுக்கு எதிராகவும் இருக்கலாம் என்பதைக் காலையில் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அதுதாங் கண்ணு எனக்கும் வேணும்" என்றார். "நான் தப்புன்னா தப்புன்னு தெரிஞ்சுக்கறேன்."

அலுவலகத்தில் உதவி ஆய்வாளர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. "சுருக்கமா சொல்லுங்க. ஒரு நிமிஷம்தான்" என்றார் நிமிராமலே.

எச்சரிக்கை மணி அடித்தபின் எஞ்சிய பேச்சை எப்படிச் சுருட்டுவது என்பதில்தான் பேச்சாளரின் பயிற்சி தெரியும். எனக்கோ மணி முதலிலேயே அடித்துவிட்டது. நாகரிகத்தையும் மனிதக் கையையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

"ஐயா, சிவப்பு எரிந்ததை நாங்கள் மறுக்கவில்லை. கார் கோட்டைத் தாண்டியதையும் மறுக்கவில்லை."

அவர் நிமிர்ந்தார். வரிசையில் வந்த எல்லோரும் மறுத்திருப்பார்கள்.

"ஒரு காவலர் கை காட்டியதால் தாண்டினோம் என்பது எங்கள் தரப்பு. படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கினால் அவருடைய சட்டைக் கை தெரியும். அந்தக் கை எங்களை அழைத்ததா, வேறு வண்டியை அழைத்ததா என்பது இந்தப் படத்தில் இல்லை, காணொளியில் இருக்கும். அதைப் பார்த்து நீங்கள் எது சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். அவர் ஓரத்தைப் பெரிதாக்கினார். சற்று நேரம் பார்த்தார். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் காணொளியைக் கேட்டார். எங்கள் மூவரையும் பெஞ்சில் அமரச் சொல்லிவிட்டு வரிசையைக் கவனித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கில் வைக்கும் அவருடைய வலது பாதம் வெறுந்தரையை அழுத்தியபடி இருந்தது.

பிறகு கூப்பிட்டார். திரையைச் சற்றே எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் கார் கோட்டுக்கு முன்னால் அசையாமல் நிற்கிறது. ரிக் வண்டி பாதி திரும்பித் திணறுகிறது. காவலர் கையை வீசுகிறார், கார் நகரவில்லை. மீண்டும் வீசுகிறார், நகரவில்லை. கடைசியில் அவர் நேரே வந்து, எங்கள் காரின் பானெட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, முன்னே போகச் சொல்லிக் கையை நீட்டுகிறார்.

"அக்கா, இன்ஜின் இல்லை போல இருக்கே" என்றார் புடவைக்கார அக்கா.

உதவி ஆய்வாளர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "நானும் எத்தனையோ பேர் சிக்னல் ஜம்ப் பண்ணிப் பார்த்திருக்கேன். இவ்வளவு மெதுவா ஜம்ப் பண்ணி இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

அபராதத்தை நீக்கிவிடுவதாகச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை.

"அப்ப நான் கிளாஸ்ல சொல்லித்தர்றது சரிதானுங்களே? வெளக்கைவிடப் போலீஸ் கைதான் மேலன்னு?"

"சரிதாங்கம்மா. அப்படியே சொல்லிக்கொடுங்க."

அதைக் கேட்டபிறகுதான் அம்மா எழுந்தார்.

மறுநாள் காலை வகுப்பு. பின்னிருக்கையில் நானும் தொற்றிக்கொண்டேன். என் கல்லூரி அந்த வழியில்தான். அக்கா ஓட்ட, அதே சந்திப்பில் சிவப்பு விழுந்தது. கோட்டுக்கு முன்னால், கோடு நன்றாகத் தெரியும்படி நிறுத்தினார். பச்சை விழுந்தது. கார் அசையவில்லை. பின்னால் ஒலிப்பான்கள் எழுந்தன.

"போங்க" என்றார் அம்மா.

அக்கா இருபுறமும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "போலீஸ்காரரு யாரையும் காணோமே அக்கா?"

"அவரு இல்லாதப்ப வெளக்கே போதுமுங்க. பதறாதீங்க, ரோடு எங்கயும் ஓடிப்போகாதுங்க."

கார் ஒரு குலுங்கலோடு கிளம்பியது. நாகரிகத்தில் தொடங்கும் என் முன்னுரை மட்டும் இன்னும் செலவாகாமல் இருக்கிறது. தக்க தலைப்புக்காகக் காத்திருக்கிறேன்.