பெட்டி சொன்ன இடம்

நேற்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், கைபேசி வரைபடத்தின்படி எதிர்வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தால் வாசலில், நனைந்த மழைக்கோட்டோடு நிற்கிறார். அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பசி மறந்துபோயிற்று. இசக்கியின் கோட்டு வாடை அது.

தென்காசியில் ஒரு பாத்திரக்கடை மாடியில்தான் எங்கள் அலுவலகம். அண்ணாச்சி என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி, நான், அச்சன்புதூர் இசக்கி; அவ்வளவுதான் ஆட்கள். குற்றாலத்தில் அருவிக்கு மேலே, ஓடைப்பாறையில் ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தோம். நீர்மட்டம் அளக்கும் சென்சார் கேபிள் வழியாக ஒரு எண்ணைத் தரும். பெட்டிக்குள் இருந்த ரேடியோ மோடம் அதோடு ஜி.பி.எஸ். சொல்லும் இடத்தையும் சேர்த்து, இருபது விநாடிக்கு ஒரு வரியாக எங்களுக்கு அனுப்பும். அங்கே கைபேசி எடுக்காது. வெள்ளம் வந்தால் கீழே குளிப்பவர்களை முன்னதாகவே வெளியேற்றலாம் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இசக்கி மலையேறும்போது அவள் பையில் இன்னொரு சிறிய மோடம் இருக்கும். என் திரையில் அவள் ஒரு பச்சைப் புள்ளி. வரி வராமல் போனால் புள்ளி சாம்பல் நிறமாகி, கடைசியாகச் சொன்ன இடத்திலேயே நிற்கும். அதில் செய்தியும் தட்டலாம். "அட்டை மூணு கடிச்சிட்டு. உனக்கு ஒண்ணு கொண்டு வரட்டா?" என்று அனுப்புவாள். அட்டைக்குப் பயந்து நான் ஒருநாளும் ஏறியதில்லை. பட்டியல் போட்டுக் கொடுப்பதோடு சரி: அட்டைக்கு உப்பு, ஸ்க்ரூ டிரைவர், லேப்டாப், தயிர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். சோற்றைப் பட்டியலில் சேர்த்ததற்கே ஒரு வாரம் கேலி செய்தாள்.

ஒரு சாரல் காலம். பல நாள் வெயில் இல்லாமல் சோலார் பேட்டரி இறங்கி, நீர்மட்ட எண்கள் தாறுமாறாக வந்தன.

"நட்டு வச்ச பெட்டி நடந்தா போவுது? சும்மா சும்மா இடத்தச் சொல்லி பேட்டரியத் திங்குது. அத நிறுத்திட்டு வாங்கம்மா," என்றார் அண்ணாச்சி.

"ஏட்டி, நீ லிஸ்ட்டப் போடு. நான் போயிட்டு வாரேன்," என்று இசக்கி கிளம்பினாள்.

மதியம் அவள் புள்ளி வழியில், ஓடையோரம் நின்றது. "காலு தண்ணிக்குள்ள, சோறு வாய்க்குள்ள," என்று வரி வந்தது. அப்போதுதான் மேலே இருந்த பெட்டியின் இடம் மாறியது. கடைசி இலக்கம் மட்டும். ஜி.பி.எஸ். நின்ற இடத்திலேயே கொஞ்சம் ஆடும், அது எங்களுக்குப் பழகிய விஷயம். அடுத்த வரியிலும் மாறியது. ஆட்டம் என்றே குறித்துக்கொண்டேன். மூன்றாவது வரியில், வெள்ளம் பெயர்த்தெடுத்த பெட்டி ஓடை வழியே அவளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"மேல ஏறு. ஓடு," என்று அனுப்பினேன்.

அண்ணாச்சி போனில் அருவிக் காவலரைக் கூப்பிட்டு, எல்லாரையும் வெளியேற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். பச்சைப் புள்ளி அசையவில்லை. பிறகு மெல்லக் கரையை விட்டு விலகியது. ஒரு பாறைமேல் நின்றது.

"செருப்பு போச்சு. தூக்குச்சட்டி போச்சு. நான் இருக்கேன்."

அத்தோடு நனைந்த மோடம் செத்துப்போனது. புள்ளி சாம்பலாயிற்று. சாயங்காலம் அவள் வெறுங்காலோடு மாடிப்படி ஏறி வரும்வரை அந்தச் சாம்பலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஏட்டி, எப்ப கண்டுபிடிச்ச?"

"பெட்டி அசஞ்ச ஒடனேயே," என்றேன்.

"நீ இருக்கப்போயி தப்பிச்சேன்," என்று ஈரக் கோட்டோடு கட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் பட்டியலில் எழுதுகிற நான், மூன்றாவது வரி வரை காத்திருந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளை வீட்டில் மலைக்கு விடவில்லை. கல்யாணமாகி மஸ்கட் போனாள். கொஞ்ச நாள் பேசினோம். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அண்ணாச்சியும் தொழிலை மூடிவிட்டார். மாடியில் கைபேசி உறை விற்கிறார்கள். ஓடைப்பாறையில் நாலு போல்ட் மட்டும் துருப்பிடித்து நிற்கிறதாம்.

பழைய லேப்டாப் என்னிடம் இருக்கிறது. நேற்றுச் சாப்பிட்டு முடித்த கையோடு அதைத் திறந்தேன். இசக்கி இன்னும் அந்தப் பாறைமேல் சாம்பல் புள்ளியாக நிற்கிறாள். கீழே செய்தி தட்டும் கட்டம் காலியாக இருக்கிறது. அனுப்ப வேண்டியது, அன்று சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வரிதான். அதை வாங்குவதற்குத்தான் அந்தப் பக்கம் கருவி இல்லை.