தம்பி போன இடம்

செத்துக்கொண்டிருந்த மகனை அப்பா கன்னத்தில் அறைந்ததை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஐசியூவில், பட்டப்பகலில். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடுகோடி ஏரியாவில் ஒரு பாரில் நடந்த சண்டையில் தம்பி வயிற்றில் கத்தி இறங்கியிருந்தது. முதலில் பாட்டிலால் அடித்தவன் இவன்தான். குடல் அழுகி ரத்தமெல்லாம் விஷமாகிவிட்டது, இனி எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கவலை வேறு. மன்னிப்புக் கேட்காமல் செத்தால் தம்பி நேராக நரகத்துக்குப் போவான், அங்கே நெருப்பு அணையவே அணையாது. அம்மா இல்லாத எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் சின்ன வயதிலிருந்து அவனைப் பெல்ட்டால் விளாசியதும் அந்த நெருப்புக்குப் பயந்துதானாம்.

"ஒரே ஒரு தடவ சொல்லுடா, ஆண்டவரே மன்னிச்சிருங்கன்னு" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். தம்பி கண் திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் அறைந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க் கழன்று கழுத்தில் தொங்கியது. இன்னொரு அறை. தம்பி உதட்டில் ரத்தம். நான் அவர் கையை முறுக்கிப் பின்னால் இழுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் இப்படிக் குத்துப்பட்டுச் சாவான் என்று இவன் பிறக்கும் முன்பே உங்கள் ஆண்டவருக்குத் தெரியும் அல்லவா, தெரிந்தே படைத்து நெருப்பில் போடுகிறவரை விட்டுவிட்டு இவனை ஏன் அடிக்கிறீர்கள் என்று கத்தினேன்.

"அவருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். நான் விடமாட்டேன்" என்று மறுபடி கையை ஓங்கினார் அப்பா.

தம்பியின் உதடு அசைந்தது.

"அடிக்காதீங்கப்பா."

அவ்வளவுதான். நர்ஸ் கன்னடத்தில் திட்டிக்கொண்டே அப்பா, மகள் எங்கள் இருவரையும் வெளியே தள்ளினார். சாயங்காலம் தம்பி போய்விட்டான்.

அடக்க ஆராதனையில், கடைசியாக ஏதாவது சொன்னானா என்று பாஸ்டர் கேட்டார். 'அப்பா' என்று கூப்பிட்டான் என்றார் அப்பா. எங்கள் சபையில் கடவுளையும் அப்படித்தான் கூப்பிடுவோம், ஜெபத்தில் வரிக்கு வரி 'அப்பா'தான். பையன் தப்பித்துவிட்டான் என்று எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிழித்துப்போட்ட உதட்டைப் பவுடர் பூசி மறைத்திருந்தார்கள். எழுந்துவிட்டேன்.

"முழுசா சொல்லுங்க. அடிக்காதீங்கப்பான்னு சொன்னான். உங்ககிட்டதான் சொன்னான்."

பாஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். அப்பா அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அவருக்கு வாய் கோணியது.

"என்கிட்ட சொன்னப்பல்லாம் நான் நிறுத்துனதே இல்லம்மா. அதான் ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கான். அவராச்சும் நிறுத்தணும்."