பார்வை அட்டையின் கடைசி வரி

ஓய்வு பெற்ற மறுமாதமே கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய குத்துச்சண்டைக் கழகம் என்னைச் செயலாளர் ஆக்கியது. குத்துச்சண்டை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மொழிகளிலும் கடிதம் எழுதத் தெரியும். எந்தப் படிவம் எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கும் என்று தெரியும். அரசாங்க சேவையில் நான் அடைந்த ஞானம் அவ்வளவுதான். கழகத்துக்கு அது போதுமாக இருந்தது.

அங்கே ஒரு பெண் பயிற்சி எடுத்தாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, வெள்ளவத்தைப் புடைவைக்கடை ஒன்றில் காசாளராக இருந்தவள். ஐம்பத்தேழு கிலோ. இப்படியொரு இடது கையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று எங்கள் பயிற்றுநர் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி மாய்வார். அவள் கை வருவதை எதிராளி பார்ப்பதில்லை. எதிராளியை அவளும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. கடையில் தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். வளையத்துக்குள் ஏறும்போது அதைக் கழற்றி என்னிடம் தருவாள்.

தேசிய அணித் தெரிவு வந்தது. தெரிவானால் வெளிநாட்டுப் போட்டி. பிறகு முப்படைகளில் ஒன்றின் விளையாட்டு அணியில் நிரந்தர வேலை. தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையிலிருந்து பெற்றோரைக் கூட்டிவர அவள் கண்ட ஒரே வழி அது. ஆனால் மருத்துவப் படிவத்தில் நிரப்ப வேண்டிய ஒரு கூடு இருந்தது: கண்ணாடி இல்லாமல் பார்வை எவ்வளவு? கண் வைத்தியரின் கையொப்பம் வேண்டும்.

"ஆளுன்னா மோதிப் பாத்து எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம் சார். எழுத்த எப்புடி மோதிப் பாக்கிறது?" என்றாள்.

அந்த இடத்தில்தான் என் ஞானம் வேலை செய்தது. எனக்குக் கண்புரை ஆரம்பம். வெள்ளவத்தையில் ஒரு வைத்தியரிடம் ஒழுங்காகப் போய்வருபவன். அவருடைய அறைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டை எனக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே நிற்க இடமிருக்காது, ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம் என்பதும் பழக்கம். அடுத்த முறை போனபோது, வைத்தியர் எழுந்து வெளியே போன நேரத்தில், அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று முழுவதையும் பழைய கடித உறையின் பின்புறத்தில் பிரதி எடுத்தேன். மேலிருந்து கீழாக, ஒன்றும் விடாமல். விடுபட்ட பிரதியில் நான் ஒருநாளும் கையொப்பமிட்டதில்லை.

அவள் ஒரே இரவில் பாடமாக்கினாள். வெள்ளிக்கிழமையே நாள் எடுத்தேன். கூடவே போய்க் கதிரையில் அமர்ந்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். தங்குதடை இல்லை. பெரிய எழுத்து, நடு எழுத்து, சின்ன எழுத்து. வைத்தியர் பேனாவைத் திறந்து படிவத்தை இழுத்துக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே எறும்பு வரிசை போல் இருந்த ஒரு வரியையும், இலக்கங்களோடும் சாய்கோட்டோடும், மணியாகச் சொல்லி முடித்தாள்.

வைத்தியர் பேனாவை மூடினார்.

"பிள்ளை, அது எனக்கே தெரியிறேல்ல. அட்டை அச்சடிச்ச ஆக்கள் தங்கட கணக்குக்குப் போட்ட நம்பர் அது. ஆர் எழுதித் தந்தது?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எங்களை அத்தோடு அனுப்பியிருக்கலாம். வெளியே அத்தனை பேர். அதற்குப் பதிலாக அவள் கண்களில் மருந்து விட்டு, அரைமணி நேரம் வெளியே இருத்தி, மறுபடி கூப்பிட்டு, விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார். பூச்சி பறப்பது போல ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். இரண்டு கிழமையாகத் தெரிகிறது, வியர்வை என்று நினைத்தேன் என்றாள். எனக்கோ பயிற்றுநருக்கோ அவள் அதைச் சொன்னதில்லை.

வலது கண்ணின் விழித்திரை கிழியத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு நல்ல குத்து விழுந்தால் அந்தக் கண் போகலாம். கிட்டப்பார்வை இவ்வளவு இருப்பதால் மற்றதுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். மறுநாள் காலையே லேசர் வைத்து அடைத்தார்கள். படிவத்தில் வைத்தியர் "தகுதியற்றவர்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். நான் எதிர்பார்த்துப் போன அதே கையொப்பம்.

பயிற்றுநர் என்னைத் திட்டினார். சிங்களம் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்த நான் அன்று இரண்டு புதிய சொற்கள் கற்றேன். அவள் நாலு மாதம் பேசவில்லை. கடைக்குப் போனால் என் முகம் பார்க்காமல் பில்லை நீட்டுவாள். எனக்கோ, அந்தப் படிவம் நான் திட்டமிட்டபடி நிறைவேறியிருந்தால் என்ற நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்காது. என் வாழ்க்கையில் ஒரு காரியம் மேசையிலேயே நின்றுபோனதற்காக நான் நன்றி சொன்னது அந்த ஒருமுறைதான்.

ஒருநாள் பில்லோடு பேச்சும் வந்தது.

"நீங்க கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா நான் இந்நேரம் பிளேன்ல போயிருப்பேன் சார்."

"ஓம் பிள்ளை," என்றேன்.

"வர்றப்ப யாராச்சும் கையப் புடிச்சு எறக்கியிருக்கணும்," என்று அவளே முடித்தாள். பிறகு மிச்சக் காசை என் கையில் வைத்தாள்.

இப்போது சனிக்கிழமைகளில் கழகத்தில் சுற்றுகளுக்கு நேரம் பிடிப்பது அவள்தான். மருத்துவப் படிவங்களும் அவள் பொறுப்பு. அச்சடித்த படிவத்தின் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: மருந்து விட்டுக் கண் பார்க்கப்பட்டதா? அச்சுப் படிவத்தில் கையால் கூடு சேர்ப்பது விதிமுறைக்கு முற்றிலும் மாறானது. நான் ஒவ்வொன்றிலும் கையொப்பமிடுகிறேன்.

போன மாதம் என் கண்புரையைப் பார்க்க, துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவள் வந்தாள். அதே அறை, அதே அட்டை. நான் மூன்றாம் வரியில் தடுமாறிக்கொண்டிருந்தேன். பின்னால் கதிரையிலிருந்து குரல் வந்தது.

"அடி வரிய மட்டும் விட்ருங்க சார்."

வைத்தியர் சிரித்தார். எனக்கு அட்டை முழுவதும் மங்கிப் போனது. அதற்குக் கண்புரை காரணமில்லை.